மாங்காய் அறுப்பு நாளில் தோப்புக்கு வருகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் நிலம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், காவேரிப்பட்டணத்துக்கும் போச்சம்பள்ளிக்கும் நடுவில் இருக்கிறது. மொத்தம் நாலரை ஏக்கர். மூன்று ஏக்கர் மாந்தோப்பு, அரை ஏக்கர் தக்காளி, மீதியில் மாட்டுக்குப் புல்லும் வீட்டுக்கு ராகியும். கோடை முடிகிற சமயத்தில், அதாவது வைகாசி பாதியில் ஆரம்பித்து ஆனி முடிய, பெரும்பாலான காய் பறிப்பு நடக்கும். ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் சொந்தக்காரர்கள், அவர்களுடைய சிநேகிதர்கள், பிள்ளைகளோடு படித்தவர்கள் என்று பலர் அப்போது "ஒரு நாள் வந்து கூட நிற்கலாமா?" என்று கேட்கிறார்கள். தாராளமாக வரலாம். வருஷா வருஷம் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால் பதில்களை எழுதி வைத்துவிட்டேன். தங்கள் அப்பாவுக்குப் பிறகு தோப்பைக் கையில் எடுத்திருக்கும் பிள்ளைகளும் இதே கேள்விகளைக் கேட்கிறார்கள். அவர்களை நினைத்து எழுதியதால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

எந்த மாதம் வந்தால் எந்தக் காய் இருக்கும்?

சித்திரையில் செந்தூரா முதலில் வரும். அதை ஒட்டி அல்போன்சா, பங்கனப்பள்ளி. வைகாசி பாதிக்கு மேல் பெங்களூரா. எங்கள் மாவட்டத்தில் அதிகம் இருப்பது இதுதான். கிளிமூக்கு என்பதும் தோத்தாபுரி என்பதும் இதே காய்தான். நுனி கிளி மூக்கு மாதிரி வளைந்திருக்கும், இந்தியில் தோத்தா என்றாலும் கிளிதான். ஆனியில் நீலம். சில வருஷம் ஆடி முதல் வாரம் வரை நீலம் மரத்தில் இருக்கும்.

எல்லாமே தை, மாசியில் பூ எப்போது வந்தது என்பதைப் பொறுத்தது. பூ பதினைந்து நாள் தள்ளினால் காயும் அதே அளவு தள்ளும். அதனால் புறப்படுவதற்கு முன்னால் ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு வாருங்கள். பெங்களூராவும் நீலமும் சேர்ந்து மரத்தில் இருக்கும் ஜூன் மாதம்தான் பார்க்க நல்ல சமயம். கிருஷ்ணகிரியில் மாங்கனிக் கண்காட்சியும் பெரும்பாலும் அதை ஒட்டித்தான் நடக்கும்.

எத்தனை மணிக்கு வர வேண்டும்? பத்து மணிக்கு வந்தால் போதாதா?

போதாது. பத்து மணிக்குப் பறிப்பு முடிகிற கட்டத்தில் இருக்கும். நீங்கள் பார்க்க வந்தது முடிந்துபோயிருக்கும்.

எங்கள் வீட்டில் நாலரைக்கு விளக்கு எரியும். இரண்டு கறவை மாடு இருக்கிறது. ஐந்து மணிக்கு அம்மா கறக்க உட்கார்ந்தால்தான் ஆறு மணிக்குள் பால் சொசைட்டிக்குப் போக முடியும். மாங்காய் ஒரு நாள் காத்திருக்கும், மாடு காத்திருக்காது. அறுப்பு நாள் என்பதற்காகக் கறக்கும் நேரத்தை ஒரு மணி நேரம் மாற்றினாலும் அடுத்த வேளை பால் குறையும். அதனால் எந்த வேலை எந்த நேரத்தில் என்பதை எங்கள் வீட்டில் முதலில் மாடும், பிறகு வெயிலும், அப்புறம் வண்டியும் முடிவு செய்கின்றன.

ஐந்தே முக்காலுக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். கறுப்புக் காப்பி குடித்துவிட்டு ஆறு மணிக்குத் தொரட்டி தூக்கினால் பத்தரை வரை பறிப்பு. அதற்கு மேல் வெயில் ஏறிவிடும். வெயிலில் பறித்த காய்க்குள்ளேயே சூடு தங்கிவிடும். கையில் எடுத்தால் சாயங்காலம் வரை கதகதவென்றிருக்கும். அந்தச் சூட்டோடு கூடையில் அடுக்கினால் நடுவில் இருக்கும் காய்கள் வெந்த மாதிரி ஆகிவிடும். பத்தரையிலிருந்து ஒரு மணி வரை நிழலில் காய்க் காம்பின் பாலை வடிப்பதும் தரம் பிரிப்பதும். அப்புறம் சாப்பாடு. மூன்று மணி வரை யாரும் எதுவும் செய்வதில்லை. மூன்றரைக்கு மேல் வண்டி வரும். ஏற்றுவது, எடைமேடை, மண்டி அல்லது மாங்கூழ் ஆலை. நாலரைக்கு மறுபடி மாடு.

முந்தின நாள் இரவே வந்து தங்குவது நல்லது. திண்ணையில் படுத்தால் காற்று வரும்.

காய் முற்றிவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

இதை நம்பித்தான் மொத்த வருஷமும் இருக்கிறது. முற்றாத காயைப் பறித்தால் பழுக்காது, சுருங்கும். நிறம் வந்தாலும் புளிக்கும்.

எங்கள் தாத்தா தோளைப் பார் என்பார். இளங்காயில் காம்பு ஒட்டுகிற இடம் மேட்டில் இருக்கும். முற்ற முற்ற அதன் இரண்டு பக்கமும் சதை எழும்பி, காம்பு ஒரு சின்னக் குழியில் உட்கார்ந்த மாதிரி ஆகும். அதைத்தான் தோள் ஏறிவிட்டது என்கிறோம். அடுத்தது தோல். இளசில் தோல் மினுமினுப்பாக இருக்கும். முற்றினால் மங்கி, மேலே மெல்லிய சாம்பல் பூத்தது போல ஆகும். சின்னச் சின்னப் புள்ளிகள் எடுப்பாகத் தெரியும். இத்தோடு, மரத்தடியில் ஒன்றிரண்டு காய் தானாகப் பழுத்து விழ ஆரம்பித்தால் சந்தேகமே வேண்டாம்.

இன்னும் தீராவிட்டால் வாளித் தண்ணீர் இருக்கிறது. நாலு பக்கத்துக் கிளையிலிருந்தும் பத்துக் காய் எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். முற்றியது அடியில் போய் உட்காரும். முற்றாதது மிதக்கும். போன வருஷம் என் தம்பி மகன் ஒரு மரத்துக் காய் எல்லாம் தயார் என்று அடம் பிடித்தான். பத்துக் காயை வாளியில் போட்டோம். ஆறு மூழ்கியது, நாலு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது. மிதந்த நாலும் வடக்குப் பக்கத்து உள்கிளையில் இருந்தவை, வெயில் படாத இடம். அந்தப் பக்கத்தை எட்டு நாள் விட்டுப் பறித்தோம். ஒரே மரத்தை இரண்டு தடவையாகப் பறிப்பது கூடுதல் கூலிதான். ஆனாலும் நான் அதையே சொல்வேன். மொத்தமாக உலுக்கிக் கொட்டுகிற பழக்கம் கிருஷ்ணகிரி மாங்காயின் பெயரைக் கெடுக்கிறது.

காம்போடுதான் பறிக்க வேண்டும் என்று ஏன் அவ்வளவு கண்டிப்பு?

பால்தான் காரணம். மாங்காயின் தோலை ஒட்டி மெல்லிய குழாய்கள் ஓடுகின்றன. அவற்றில் பால் அழுத்தத்தோடு நிற்கிறது. காம்பை அடியோடு ஒடித்ததும் முதல் சில நொடி அது பீய்ச்சி அடிக்கும். அதிகாலையில் மரம் நீர் நிறைந்து நிற்பதால் வேகம் இன்னும் கூடுதல். அந்த முதல் பால்தான் மோசமானது. தோலில் பட்ட இடம் இரண்டு நாளில் கறுக்கும். பழுக்கும்போது அந்தக் கறுப்பு பரவி, காம்புப் பக்கத்திலிருந்து அழுகலும் தொடங்கும். உள்ளே பழம் நன்றாகவே இருக்கலாம். ஆனால் மண்டியில் தோலைப் பார்த்துத்தான் விலை சொல்கிறார்கள்.

அதனால் தொரட்டியில் அறுக்கும்போது அரை விரல் நீளக் காம்பு காயோடு வர வேண்டும். நாங்கள் வைத்திருப்பது மூங்கில் கழி. நுனியில் ஒரு இரும்பு வளையம், வளையத்தின் மேல் விளிம்பில் சின்னக் கத்தி, கீழே நைலான் வலைப்பை. காயை வளையத்துக்குள் விட்டு, கத்தி காம்பில் படுகிற மாதிரி மெதுவாக ஒரு இழுப்பு. காய் வலைக்குள் விழும். வலையில் மூன்றுக்கு மேல் சேர விடக்கூடாது, ஒன்றோடொன்று மோதி அடிபடும். கழியை இறக்கி, கையால் எடுத்து, கூடையில் வைக்க வேண்டும். போடக்கூடாது, வைக்க வேண்டும். தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் விழுந்த காய்க்கு அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஐந்தாம் நாள் அந்த இடம் மெத்தென்று ஆகிவிடும்.

நிழலுக்கு வந்த பிறகு என் ஆயாவின் வேலை தொடங்கும். எழுபது வயதைத் தாண்டியவர். புளியமரத்தடியில் இரண்டு கட்டையைப் போட்டு, மேலே மூங்கில் தப்பைகளைச் சாய்த்திருக்கிறோம். ஆயா ஒவ்வொரு காயாக எடுத்து, தலைகீழாகப் பிடித்து, காம்பைக் கட்டை விரலால் ஒடிப்பார். பால் நேராகக் கீழே சொட்டும், தோலில் ஒரு துளி படாது. அப்படியே தலைகீழாகத் தப்பைகளுக்கு நடுவில் நிறுத்திவிடுவார். அரை மணி நேரத்துக்கு மேல் அப்படியே நிற்கும். அந்தத் தரையில் விழுந்த பால் சாயங்காலம் பழுப்புப் பிசினாகக் காய்ந்து கிடக்கும். மண்ணில் நேராகக் கவிழ்த்து வைக்கக் கூடாது. மண்ணில் இருக்கிற பூஞ்சணம் காம்புக் குழி வழியாக ஏறிக்கொள்ளும்.

ஆலைக்குப் போகிற காய்க்கு இவ்வளவு யாரும் செய்வதில்லை. கூழாக்கப் போவதுதானே என்று டிராக்டரில் கொட்டிக்கொண்டு போகிறார்கள். நாங்கள் பங்கனப்பள்ளிக்கும், மல்கோவாவுக்கும், பெங்களூராவில் முதல் தரத்துக்கும் மட்டும் இப்படிச் செய்கிறோம். ஆலைக்குப் போவதைக்கூட உயரத்திலிருந்து கொட்ட விடமாட்டேன்.

பால் நம் மேல் பட்டால் என்ன ஆகும்?

சிலருக்கு ஒன்றும் ஆகாது, சிலருக்குக் கொப்பளிக்கும். மாவும் முந்திரியும் சேராங்கொட்டையும் ஒரே குடும்பம். சேராங்கொட்டை பட்டால் எப்படிப் புண்ணாகும் என்று தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். எனக்குப் பதினெட்டு வயதில் கழுத்தில் பட்டதை வியர்வை என்று துடைத்துத் தேய்த்துவிட்டேன். மூன்று நாளில் கழுத்துச் சுற்றிலும் கருந்தழும்பு, ஆடி வரை இருந்தது. பட்டதும் தேய்க்காமல் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். முழுக்கைச் சட்டை போடுங்கள். காலையில் கையிலும் கழுத்திலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். அண்ணாந்து பார்த்து அறுக்கும்போது மரத்துக்கு நேர் கீழே நிற்காதீர்கள். கண்ணில் பட்டால் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு.

மரம் ஏறலாமா?

வேண்டாம். ஏறத் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். மாமரத்துக் கிளை பார்க்கக் கெட்டியாக இருக்கும், தண்டைத் துளைக்கிற துளைப்பான் புழு விழுந்திருந்தால் சொல்லாமல் முறியும். முசுறும் இருக்கும். இலைகளை மடித்துக் கூடு கட்டுகிற அந்தச் செவ்வெறும்பு நூறு ஒரே சமயத்தில் ஏறினால் கையை விட்டுவிடத் தோன்றும். முசுறு பல பூச்சிகளைத் தின்று மரத்தைக் காக்கிறது, அதனால் நாங்கள் கூட்டைக் கலைப்பதில்லை. ஏறுகிறவர்கள் கை காலில் அடுப்புச் சாம்பல் பூசிக்கொண்டு ஏறுவார்கள்.

கீழே விழுந்த காயை என்ன செய்கிறீர்கள்? மாட்டுக்குப் போட்டால் என்ன?

வந்தவர்கள் ஆசையாகச் செய்கிற தப்பு இது. மாடு மாம்பழத்தை விரும்பித் தின்னும் என்பது உண்மை. இரண்டு தோல், ஒரு பிடி சதை என்றால் பரவாயில்லை. கூடைக் கணக்கில் தின்றால் இனிப்பு வயிற்றில் புளித்து மாடு அசை போடுவதை நிறுத்திவிடும். கொட்டை தொண்டையில் சிக்கிக்கொண்டால் இன்னும் ஆபத்து. எச்சில் வடியும், வயிறு உப்பும், ஒரு மணி நேரத்தில் மாடு போய்விடக்கூடும். ஒரு வருஷம் எங்கள் சிவப்புப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு தோப்புக்குள் போய்விட்டது. பார்த்தபோது கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது, வாயெல்லாம் நுரை. டாக்டர் வந்து குழாய் விட்டுக் கொட்டையை உள்ளே தள்ளினார். அம்மா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. அதற்குப் பிறகு அறுப்பு முடிகிற வரைக்கும் மாடு இரட்டைக் கயிற்றில்தான். அவசரத்துக்குக் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்க 1962 என்ற எண் இருக்கிறது. வீட்டுக் கதவில் எழுதி வைத்திருக்கிறோம், நீங்களும் எழுதி வையுங்கள்.

காற்றில் உதிர்ந்த பச்சைக் காயை அன்றன்றைக்கே பொறுக்கிவிடுவோம். அடிபடாதது ஊறுகாய்க்கு. மீதியை நீளமாக அரிந்து உப்புப் போட்டு ஒரு ராத்திரி வைத்து, மூன்று நாள் வெயிலில் காய வைத்தால் வற்றல். ஐப்பசி மழையில் அந்த வற்றலைப் போட்டு வைக்கிற குழம்புக்கு ஈடு இல்லை.

ஓட்டை விழுந்தது, புழு வைத்தது தனி. அதில் பழ ஈயின் புழு இருக்கும். அப்படியே விட்டால் புழு மண்ணுக்குள் இறங்கி, கூட்டுப்புழுவாகி, ஈயாக மேலே வந்து அடுத்து முற்றப் போகிற நீலத்தில் முட்டை வைக்கும். இரண்டடிக் குழி வெட்டிப் புதைத்துவிட வேண்டும். மரத்தில் மஞ்சள் டப்பா தொங்குவதைப் பார்த்து என்னவென்று கேட்பீர்கள். அதற்குள் மெத்தில் யூஜினால் தடவிய கட்டை இருக்கிறது. அந்த வாசத்துக்கு ஆண் ஈக்கள் வந்து விழும். பொறி மட்டும் வைத்துவிட்டு விழுந்த காயைப் பொறுக்காமல் விட்டால் பயன் பாதிதான்.

பழுக்க வைக்கக் கல் போடுகிறீர்களா?

இல்லை. கார்பைடு கல்லால் பழுக்க வைத்த பழத்தை விற்கவே கூடாது என்று 2011 உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் சொல்கின்றன. அந்தக் கல்லில் ஆர்சனிக்கும் பாஸ்பரசும் கலந்திருக்கக்கூடும், கையாளுகிறவருக்கும் கேடு. எத்திலீன் வாயு வேறு. பழம் தானே வெளியிடுகிற வாயு அது. அறையில் அளவோடு விட்டுப் பழுக்க வைக்க அனுமதி இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்கள் வைக்கோலைப் பரப்பி, காயை ஒரே அடுக்காக வைத்து, மேலே கொஞ்சம் வைக்கோலைத் தூவினால் போதும். ஐந்தாறு நாளில் வாசனை வரும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் வியர்த்து அழுகும். ஃபிரிட்ஜில் பச்சையாக வைத்தால் பிறகு சரியாகப் பழுக்காது.

பெங்களூரில் கிலோ அறுபது ரூபாய்க்கு வாங்குகிறோம். உங்களுக்கு நல்ல வருமானம் இருக்குமே?

நீங்கள் வாங்குவது பெரும்பாலும் பங்கனப்பள்ளியோ அல்போன்சாவோ, தரம் பிரித்து, பழுக்க வைத்து, கடைக்கு வந்தது. எங்கள் தோப்பில் பாதிக்கு மேல் பெங்களூரா. அதன் விலையைப் பெரும்பாலும் மாங்கூழ் ஆலைகள் முடிவு செய்கின்றன. டன் கணக்கில் பேசுவார்கள். ஆலையில் முந்தின வருஷக் கூழ் விற்காமல் தேங்கியிருந்தால் இந்த வருஷம் காய்க்கு விலை இருக்காது. 2025-இல் அதுதான் நடந்தது. விளைச்சலும் கூடி, கூழும் தேங்கி, கிலோ நாலு, ஐந்து ரூபாய்க்கு வந்தது. பறிகூலி, ஏற்றுக்கூலி, வண்டி வாடகை மட்டும் கிலோவுக்கு இரண்டு ரூபாய்க்குக் குறையாது. மருந்துச் செலவை அதில் சேர்க்கவே இல்லை. எங்கள் பக்கத்தில் பறிக்காமலே விட்டவர்கள் உண்டு. முப்பது வருஷம் வளர்த்த மரத்தில் காய் அப்படியே பழுத்து உதிர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பது மிகவும் கஷ்டம்.

இன்னொரு தொல்லை வரிசை. ஒரு தடவை ஆலை வாசலில் எங்கள் வண்டி ஒரு ராத்திரியும் மறுநாள் பகலும் நின்றது. அடியில் இருந்த காய் சூடேறிப் பழுத்துவிட்டது. எடை குறைந்தது, பழுத்ததற்குக் கழிவும் பிடித்தார்கள். வரிசையில் நிற்கிற நேரத்துக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. எந்த மணிக்கு எந்த வண்டி என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பாதிக் கஷ்டம் தீர்ந்துவிடும். இதைக் கூட்டங்களில் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

தோப்பைக் குத்தகைக்கு விடுபவர்கள் நிறைய. பூ வந்ததும் வியாபாரி வந்து பார்த்து ஒரு தொகை பேசி, மருந்தும் காவலும் பறிப்பும் அவரே பார்த்துக்கொள்வார். கை நனையாமல் பணம் வரும், உண்மைதான். ஆனால் ஒரு பருவத்துக்கு மட்டும் தோப்பைப் பார்க்கிறவர் கிளை முறிந்தாலும் கவலைப்பட மாட்டார். அப்பா பத்து வருஷம் குத்தகைக்கு விட்டார். திரும்பக் கையில் எடுத்தபோது மரங்களைத் தேற்றவே மூன்று வருஷம் ஆனது. ஆள் இல்லாத வீட்டுக்கு வேறு வழி இல்லை என்பதும் தெரியும். விடுவதானால் கிளை முறிக்கக் கூடாது, கடைசி மருந்துக்கும் பறிப்புக்கும் எத்தனை நாள் இடைவெளி என்பதையெல்லாம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பங்கனப்பள்ளியையும் மல்கோவாவையும் நாங்களே உழவர் சந்தையில் உட்கார்ந்து விற்கிறோம். காய் குறைவுதான், ஆனால் எங்கள் விலை.

அறுப்பு நாளில் மற்ற வேலைகள் நின்றுவிடுமா?

எதுவும் நிற்காது. தக்காளி ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தாக வேண்டும், இல்லாவிட்டால் செடியிலேயே கனிந்துவிடும். தூரத்துக்குப் போகிற தக்காளியைப் பாதி நிறம் மாறியதும் எடுத்துவிடுவோம். ராயக்கோட்டை மண்டிக்குப் பெட்டி போகும். பெரும்பாலும் என் மனைவியும் சின்னம்மாவும் சாயங்காலம் நாலரையிலிருந்து இருட்டுகிற வரை அந்த வேலையில் இருப்பார்கள்.

மாட்டுக்குப் புல் அறுக்க வேண்டும். வெயில் காலத்தில் ஒரு கறவை மாடு அறுபது, எழுபது லிட்டர் தண்ணீர் குடிக்கும். தொட்டியை மூன்று தடவை நிரப்ப வேண்டும். மும்முனை மின்சாரம் வருகிற நேரத்தில் மோட்டார் போட்டு தக்காளிக்குச் சொட்டுநீர் விட வேண்டும். மாவுக்கு மட்டும் காய் முற்றுகிற சமயத்தில் தண்ணீரை நிறுத்திவிடுவோம், சுவை நீர்த்துப் போகக்கூடாது.

இதில் எதற்கு வேண்டுமானாலும் நீங்கள் கை கொடுக்கலாம். புதிதாக வருபவர்களுக்கு நல்ல வேலை தரம் பிரிப்பது. நிழலில் உட்கார்ந்து செய்யலாம், ஆயாவிடம் கதையும் கேட்கலாம்.

சாப்பாடு?

காலை ஒன்பதுக்கு ராகிக் கூழும் மோரும், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய். மதியம் களி. தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசல் அல்லது கொள்ளுக் கடைசல். களியை மெல்லக் கூடாது. உருட்டிக் குழம்பில் தொட்டு விழுங்க வேண்டும். பழக்கமில்லாதவர்களுக்குச் சோறும் இருக்கும்.

வேலைக்கு வந்தவர்களும் நாமும் ஒரே பந்தியில்தான் உட்காருவோம். அவர்களில் பலர் இருபது வருஷமாக வருகிறவர்கள். அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஆயாவுக்குப் பிடிக்காது. சம்பளம் சனிக்கிழமை சாயங்காலம். ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தை. கையில் பணம் இல்லாமல் சந்தைக்குப் போகிற நிலையில் யாரையும் விடக்கூடாது என்பது தாத்தா வைத்த வழக்கம்.

குழந்தைகளை அழைத்து வரலாமா?

வரலாம். செருப்பு கட்டாயம். பறிக்கிற மரத்தடிக்குப் போகக்கூடாது. கிணற்றுப் பக்கம் பெரியவர் இல்லாமல் போகக்கூடாது. தொப்பி போட்டு, தாகம் இல்லாவிட்டாலும் அடிக்கடி நீர்மோர் குடிக்க வையுங்கள்.

மழை வந்துவிட்டால்?

இந்தச் சமயத்தில் மதியத்துக்கு மேல் சூறைக்காற்றோடு மழை வரும். பறித்த காயில் மழை பட்டால் துடைத்து உலர்த்தித்தான் அடுக்க வேண்டும், ஈரத்தோடு அடுக்கினால் கரும்புள்ளி நோய் எடுத்துக்கொள்ளும். மழை பெய்த மறுநாள் காலையில் பறிப்பதில்லை. மரம் காய வேண்டும், கிளையும் வழுக்கும். நீங்கள் வருகிற நாள் அப்படி அமைந்தால் வருத்தப்படாதீர்கள். சந்தூர் பக்கம் அழைத்துப் போகிறேன். அங்கே மாஞ்செடி ஒட்டுக் கட்டுகிற நாற்றுப் பண்ணைகள் வரிசையாக இருக்கின்றன. தாய் மரத்துக் குச்சியைச் சீவி, கொட்டையிலிருந்து முளைத்த கன்றில் பொருத்திக் கட்டுகிற கையைப் பார்த்தால் நாள் வீணாகாது.

அறுப்பு முடிந்த பிறகு தோப்பில் என்ன வேலை? அப்போது வரலாமா?

அப்போதுதான் உண்மையில் ஆள் தேவை, யாரும் வருவதில்லை. ஆடியில் கவாத்து. காய்ந்த குச்சி, குறுக்கே வளர்ந்த கிளை, தரையைத் தொடுகிற கிளை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நடுவில் வெயில் இறங்க வழி செய்கிறோம். வெட்டின இடத்தில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்த போர்டோ பசை தடவ வேண்டும். பிறகு மழை ஈரத்தில் மரத்துக்கு ஐம்பது கிலோ தொழுவுரம். அடிமரத்தில் கொட்டக் கூடாது. நடுப்பகல் நிழல் விழுகிற விளிம்பில் வட்டமாகப் பள்ளம் எடுத்துப் போட வேண்டும், உறிஞ்சுகிற வேர் அங்கேதான் இருக்கிறது. நூற்றிருபது மரம், கூடையில் சுமந்து போட வேண்டும். ஆடிப்பெருக்கு கழிந்த வாரம் ஆரம்பிப்போம். மண்வெட்டி இங்கே இருக்கிறது, பழைய துணி இரண்டு ஜோடி மட்டும் கொண்டு வாருங்கள்.